முன்பெஞ்சுக்கு வந்த சீட்டு

பன்னிரண்டாம் வகுப்பின் பிரிவு உபசார நாள். வலப்பக்கம் இருப்பவரின் எதிர்காலத்தை ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தர வேண்டும். வகுப்புத் தலைவி பட்டப்பெயர் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"வாயாடி வக்கீல் ஆவாள். நீதிபதி காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. முன்பெஞ்சுக்கு வயிறு எரிந்தது. மண்டை காயப் படிப்பது அவள். மார்க்கில் முந்துவது வாயாடி. டீச்சருக்கும் வாயாடிதான் செல்லம்.

"அடுத்து, முன்பெஞ்சுக்கு ஏழே மாதத்தில் பாட்டி பட்டம்!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

வெளியே வந்ததும் வாயாடியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது நீதானே? உனக்கு வக்கீல், எனக்குப் பாட்டியா? நான் உனக்கு அவ்வளவு இளக்காரமாப் போயிட்டேனா?"

"ஐயோ, கேலி பண்ணலை அத்தை. நேத்துதான் டாக்டர் உறுதியாச் சொன்னாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சீட்டுல எழுதினேன். உங்க பிள்ளைக்கே இன்னும் தெரியாது."

முன்பெஞ்சு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். படிப்பை விட்டு முப்பது வருடம் கழித்து மாலைப் பள்ளியில் சேரத் தான் தயங்கி நின்றபோது, 'நானும் பாதியில விட்டவதான், துணைக்கு வரேன்' என்று கூடவே வந்து சேர்ந்தவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நீ காலைக் கல்லூரியில சேரு. நான் மாலையில சேர்றேன். பிள்ளையை ஆள் மாத்தி ஆள் பாத்துக்கலாம்."

"நீங்க என்ன படிக்கப் போறீங்க அத்தை?"

"வக்கீலுக்குத்தான். உனக்கு மட்டும் விட்டுக்கொடுத்துருவேனா?"