பூதத்தானின் வாய்

1964 மழையில் பம்பாயின் மித்தி ஆற்றோடு போன பூதத்தானின் உடல் கிடைக்கவேயில்லை. தாராவித் தோல் தொழிலாளர்களின் பல் தேய்மானத்தை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். அதற்காக எடுத்த அவருடைய பற்களின் பிளாஸ்டர் அச்சு, கீல் வைத்த சட்டத்தில் மாட்டியபடி எங்கள் பல் மருத்துவக் கல்லூரி அலமாரியில் இருந்தது.

அவர் மகள் மாடத்தி தேடி வந்தாள்.

“எங்கய்யாவுக்கு யாரும் வாய்க்கரிசி போடல டாக்டரய்யா. பல்லாவது இங்கன இருக்குல்லா?”

மறுக்க மனம் வரவில்லை. அச்சின் வாயைத் திறந்து பிடித்தேன். அரிசியைப் போட்டாள், அழுதாள், போய்விட்டாள். அப்படியே மூடி அலமாரியைப் பூட்டினேன்.

மறுநாள் திறந்து பார்த்தேன். அரிசி மென்ற மாவாக, ஈரமாக இருந்தது. துடைத்தேன். வாயை மூடி, அலமாரியை மறுபடி பூட்டினேன்.

அடுத்த நாள் காலையில் வாய் திறந்திருந்தது.