சுவரில் மாலையோடு ஒரு படம்

கல்யாணம் பேசக் கூடத்தில் கூடியிருந்தவர்கள் குலசேகரம், அவர் மனைவி தெய்வானை, இளைய மகள் நறுமுகை, மாப்பிள்ளையின் பெற்றோர் ஆவுடையப்பன், விசாலம். மூத்த மகள் மங்கை சுவரில் மாலை போட்ட படத்தில் இருந்தாள்.

"நாளைக்கு வெளிவர்ற புதுக் கம்ப்யூட்டர்ல படத்தைக் காட்டினா, ஆள் இப்ப எங்க இருக்காகன்னு சொல்லிருமாம். எங்களுக்கு ஒண்ணு சொல்லிவச்சாச்சு," என்றார் ஆவுடையப்பன்.

"வாக்கிங்னு சொல்லிட்டு இவுக எங்க போறாகன்னு பாக்கத்தான்," என்று விசாலம் சிரித்தாள்.

குலசேகரம் சிரிக்கவில்லை. சம்பந்தியின் பார்வை படத்தின் மேல் போய் வந்ததாக அவருக்குப் பட்டது. வேவு பார்க்கத்தான் இந்தப் பேச்சு. கேவலம், ஒரு இயந்திரம் சொல்லியா இந்தக் குடும்பம் தலைகுனிய வேண்டும்?

எழுந்துபோய் மாலையைக் கழற்றினார்.

"மூத்தவ செத்துட்டாங்கிறது வதந்தி, அண்ணாச்சி. பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு மைசூர்ல இருக்கா."