மலை மட்டும்

மலையேறும்போதெல்லாம் கதிரவன், "ஃப்ரேம்ல வராதடா, தள்ளிக்கோ" என்று ரகுபதியை விலக்கிவிட்டுத்தான் படம் எடுப்பான். அவனுக்கு மலை மட்டும் வேண்டும்.

ரகுபதி செத்து, காரியத்துக்கு முந்தின நாள் அவன் மனைவி சுகந்தி கதிரவனிடம் கேட்டாள்: "ஆதார்ல இருக்கறது அவரு மாதிரியே இல்லண்ணா. கடைசியா மலையில எடுத்தது இருக்கும்ல?"

தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. தூரத்து முகட்டில் எள்ளளவு மஞ்சளாக ரகுபதியின் முதுகுப்பை. அந்தப் புள்ளியை அழிக்கவேண்டும் என்று கதிரவன் ஒதுக்கி வைத்திருந்த படம். பெரிதாக்கினால் கலங்கியது. அப்படியே சட்டம் போட்டுக் கொண்டுபோனான்.

மாலை போட்டார்கள். சுகந்தி சந்தனக் கிண்ணத்தோடு படத்தருகே குனிந்தாள்.

"எங்கண்ணா இருக்காரு?"

தொட்டுக் காட்டினான். அவள் அங்கேயே பொட்டு வைத்தாள். புள்ளி பொட்டுக்குள் போய்விட்டது. இப்போது மலை மட்டும் இருந்தது.