ஈர நெற்றி

தையல் ஆலையின் வாசலுக்கு வெளியே, குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. கைக்குட்டையை நனைத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள். அக்காவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன், கொதிக்கிறது. “வீட்டுக்குப் போயிடலாம்க்கா” என்கிறேன். “மூணாவது லீவு போட்டா வேலை போயிடும்டி. வாயை மூடிட்டு வா.” வாசலில் காவலாளி வெப்பமானியைத் துப்பாக்கி மாதிரி நீட்டுகிறார். சூடு காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார். அக்கா ஈரத்தைத் துடைத்து, மூச்சை அடக்கி, நெற்றியைக் கொடுக்கிறாள். “என்னம்மா, ஐஸ் பெட்டிக்குள்ள படுத்துட்டு வந்தியா? போ, போ.” பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு இருமலாக மாற, அவசரமாக முந்தானையை வாயில் திணித்துக்கொள்கிறாள். சுவரில் தொங்கும் பலகையில் தேதியை மட்டும் தினமும் மாற்றுகிறார்கள். ‘காய்ச்சல்: யாருக்கும் இல்லை’ என்ற வரி பல வாரங்களாக அப்படியே இருக்கிறது.

உள்ளே முந்நூறு இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. வெள்ளைத் துணியில் தூசி படக் கூடாதென்று ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருக்கிறார்கள். சாத்திய கண்ணாடியில் உள்ளிருப்பவர்களின் மூச்சு படிந்து வழிகிறது. எனக்கு முன் வரிசையில் அக்கா ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறாள். மூன்று முறை முயன்றும் நுழையவில்லை. “கொடு, நான் கோத்துத் தரேன்” என்று பக்கத்து இயந்திரத்து நிறைமாதக்காரி அவள் முகத்தருகே குனிகிறாள். அக்கா இருமலை விழுங்குகிறாள். கண்ணில் நீர் முட்டுகிறது. இனி அடக்க முடியாது. சட்டென்று முகத்தை மறுபுறம் திருப்புகிறாள். அந்தப் பக்கமும் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.