ஈட்டிமரக் கைப்பிடி

துப்பாக்கி பழுதுபார்க்கும் கோகிலவாணி, போட்டிகளில் சுடும் தினகரின் மலிவான வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிக்கு ஈட்டிமரத்தில் கைப்பிடி செய்துகொண்டிருந்தாள். பத்து நாட்களாக அவன் வந்து கையை நீட்டுவான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மரத்தில் பதித்துப் பார்த்து, மறுபடி அரம் போடுவாள். அதைக் கணவன் செங்கோட்டுவேல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

இன்று அவள் உள்ளே போனதும் துப்பாக்கியை எடுத்துப் பிடித்தான். ஒரு விரல்கூடப் பள்ளத்தில் உட்காரவில்லை.

"அது அவரு கைக்குச் செஞ்சதுங்க," என்றாள் திரும்பி வந்த கோகிலவாணி.

பதினான்கு வருடத்தில் தன் கையை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையை நீட்டினான். "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு."

அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செய்யறனுங்க. ஆனா நீங்க யாரச் சுடப்போறீங்க?"