இந்த மாதம் சொக்கவைத்தவை

முகம் முழுக்கப் பச்சைக் களிமண். கண்கள்மேல் வட்டவட்டமாகப் பஞ்சு. காதில் ஹெட்ஃபோன்; அதில் எதுவும் ஓடவில்லை. மடியில் ஒரு துண்டு. துண்டுக்கு அடியில், இறுக மூடிய கைக்குள் வைர நெக்லஸ்.

சாய்வு நாற்காலியில் கிடந்த அவள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தாள். ஹாலுக்குள் ஒரு திருடன் நடந்துகொண்டிருந்தான்.

எல்லாம் அந்தப் பட்டியல் செய்த வேலை. 'இந்த மாதம் என்னைச் சொக்கவைத்தவை' என்று மாதாமாதம் இணையத்தில் வரும். பார்த்தது, படித்தது, பூசியது என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் வாயைப் பிளந்துகொண்டு படிப்பார்கள். தொடர், நாவல், களிமண் என்று அந்த மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். நான்காவதாக 'எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு!' என்று வைர நெக்லஸைப் படம் பிடித்துப் போட்டு, ஐந்தாவதாக 'சனிக்கிழமை மூன்று மணிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தாச்சு!' என்றும் எழுதினால், திருடன் வராமல் தபால்காரரா வருவார்?

பஞ்சின் ஓரமாக எட்டிப் பார்த்தாள். ஒல்லியான ஆள். கையில் ஸ்க்ரூடிரைவர். நாற்காலியைப் பார்த்ததும் அலறப்போனவன், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"சினிமாவுக்குப் போறேன்னு எழுதியிருந்தீங்களேக்கா! வாசகனை இப்படி ஏமாத்தலாமா?" என்று கிசுகிசுத்தான்.

அவள் அசையவில்லை.

பூனைபோல அருகே வந்து அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினான். பிறகு பட்டியலில் மூன்றாவதாக இருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தான்.

"'பச்சைக் களிமண்ணைப் பூசி, காதில் கதையைப் போட்டுக்கொண்டு சாய்ந்தால், வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் எனக்குத் தெரியாது.' நீங்க சொன்னதுதானேக்கா? அப்படியே இருங்க. நானும் அதைத்தான் பூசறேன். பாருங்க, ஒரு பரு இருக்கா?"

கன்னத்தை வேறு திருப்பிக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் குட்டு உடைந்துவிடும், நெக்லஸும் போய்விடும். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த முதல்ல சொன்ன தொடர் மட்டும் ஜவ்வா இழுக்குதுக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே படுக்கையறைக்குள் போனான்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு நகைப்பெட்டி. "அய்யய்யோ, காலி!" என்று ஒரு புலம்பல். துண்டுக்கடியில் வைரக் கற்கள் அவள் உள்ளங்கையில் நறுக்கென்று குத்தின.

தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தவன், மேசைமேல் இருந்த துப்பறியும் நாவலைப் பார்த்துவிட்டான். 'கொலையாளி யாரென்று தெரிந்தும் மறுபடி படிக்கிறேன், இன்னும் நடுக்கம் போகவில்லை!' என்று பட்டியலில் இரண்டாவதாக இருந்ததே, அதே நாவல். வந்த வேலையை மறந்து, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினான்.

"அடப்பாவி! பல் டாக்டரா கொன்னது?"

அவளுக்கு வயிறு எரிந்தது. பட்டியலைப் பார்த்த நாளிலிருந்து சோறு தண்ணீர் மறந்து படித்த நாவல். இன்னும் நாற்பதே பக்கம்தான் பாக்கி. இப்படியா போட்டு உடைப்பது?

அந்த எரிச்சலில் கை லேசாக அசைந்துவிட்டது. திருடனின் பார்வை துண்டின்மேல் விழுந்தது.

"துண்டுக்குள்ள என்னக்கா இருக்கு?" என்று குனிந்து கையை நீட்டினான்.

இனி சும்மா இருந்தால் எல்லாம் போச்சு.

"கையை எடுடா!"

அவன் துள்ளி விழுந்தான். ஸ்க்ரூடிரைவர் சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடியது.

"முதல்லேருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். கை கால் நல்லாத்தானே இருக்கு? உழைச்சுச் சாப்பிட்டா என்ன? அடுத்தவங்க வீட்டுல புகுந்து அடுத்தவங்க பொருள்ல கைவைக்க வெட்கமா இல்ல?"

"தப்புதான்க்கா."

"இதெல்லாம் கூடாதுன்னு வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?"

"அம்மா சொன்னாங்க. நான்தான் கேக்கல." கைகூப்பினான். "போலீஸை மட்டும் கூப்பிட்டுடாதீங்கக்கா."

"கூப்பிட மாட்டேன். கிளம்பு."

வாசல்வரை போனவன் தயங்கித் திரும்பினான். "அடுத்த மாசப் பட்டியல்ல என்னைப் பத்தி எழுதிட மாட்டீங்களே?"

"சத்தியமா எழுத மாட்டேன்." அந்த வாக்கைக் காப்பாற்றுவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை.

"ஒரே ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"ஓடுடா!"

விட்டால் போதும் என்று ஓடினான். அவன் காலடிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும், பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து களிமண்ணெல்லாம் கரைந்தது.

முகத்தைக் கழுவிக் கண்ணாடியில் பார்த்தாள். பட்டியல் பொய் சொல்லவில்லை. பூட்டைக் குடையும் சத்தம் கேட்டு அவசரத்தில் அள்ளிப் பூசியதற்கே கன்னம் பளபளவென்று மின்னியது.

படம் முடிந்து வீட்டுக்காரி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால் அவசரப்படாமல், நெக்லஸோடு களிமண் டப்பாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்தபோது குளியலறை ஜன்னலில் ஏறிக் குதித்த கஷ்டமெல்லாம் இல்லாமல், அந்த நல்ல மனுஷன் திறந்துவைத்துவிட்டுப் போன வாசல் வழியாகவே வெளியேறினாள்.