அடியில் இருந்த அரக்கு

வியாபாரியின் தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகள் தலைகீழாகக் கிடக்கின்றன. எதிரில் வெள்ளிப் பட்டறைக்காரரின் மனைவி. கணவர் இறந்து பதினொரு நாள் ஆகிறது; அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஜன்னல் வெயில் வெள்ளியில் பட்டு வழுக்கி அவள் புறங்கையில் விழுகிறது, சுடவில்லை. மாமனார் அடித்த வெள்ளி. அது சாயாமல் நிற்க அடியில் கணவர் ஊற்றிய அரக்கு. பட்டறையில் மிஞ்சியது இவ்வளவுதான். "வெள்ளியை மட்டும்தான் நிறுப்பேன் அக்கா. அரக்கையும் சேர்த்து வாங்கினா நான் சாமியாராத்தான் போகணும்," என்று சிரித்தபடி வியாபாரி அடியில் ஒட்டியிருந்த துணியை உரித்து, மரச்சுத்தியால் இரண்டு தட்டு தட்டுகிறார். கறுப்பு அரக்குக் கட்டி ஒன்று கழன்று மேசையில் உருள்கிறது. அதன் நடுவில் ஒரு குழி.

"பாருங்க, ஆறுறதுக்குள்ள எவனோ கையை வச்சுக் கெடுத்திருக்கான்."

"கெடுக்கலை தம்பி. ஆறிடுச்சான்னு அவர் கட்டைவிரலை வச்சுத்தான் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் சுட்டுக்குவார்."

வியாபாரியின் சிரிப்பு நின்றுவிடுகிறது. சுத்தி இரண்டாவது தாங்கியின் மேல் அப்படியே நிற்கிறது. "இதை விட்டுடவா அக்கா?"

"தட்டுங்க."

அவள் முதல் கட்டியை எடுத்துக்கொள்கிறாள். குழிக்குள் ரேகைகூடத் தெரிகிறது. தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்க்கிறாள்; சுற்றிலும் இடம் மிச்சமிருக்கிறது.

"ஆறிடுச்சு," என்கிறாள்.